நுவரெலியாவின் பன்னிரண்டு மாதங்கள்

நுவரெலியா என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் அங்கு கூடும் சனத்திரளும், குதிரைப் பந்தயமும், மலர்க் கண்காட்சியும், குளிருமே ஆகும். பத்திரிகைகளும் வானொலியும் அந்த மலைநகரைப் பற்றி ஏப்பிரல் மாதத்திலேயே அதிகம் பேசுகின்றன. எஞ்சிய பதினொரு மாதங்களில் அங்கு என்ன நடக்கின்றது என்பதைக் கவனிப்போர் குறைவு.

இடம்பெயர்ந்து வாழும் கமக்காரக் குடும்பங்களுக்கும், பல ஆண்டுகளின் பின் சொந்தக் காணிக்குத் திரும்பி மீண்டும் மண்வெட்டி எடுத்திருப்போருக்கும் உல்லாசப் பயணிகளின் ஊரைப் பற்றி எழுதுவது எதற்காக என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, தண்ணீர். மகாவலி கங்கை 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கின்றது. அதன் கிளையாறுகள் சில நுவரெலியாவைச் சூழ்ந்த மலைகளிலேதான் பிறக்கின்றன. மூதூர்ப் பக்கத்தில் வயல் செய்கின்ற ஒருவர் அந்த மலையைக் கண்ணால் கண்டிராவிட்டாலும் அதன் உதவியை அனுபவிக்கின்றவரே. இரண்டாவது, உறவு. 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின்னர் மலையகத் தோட்டங்களை விட்டு வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பகுதிகளுக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் எம்மிடையே பல உள்ளன. அவர்களுடைய முதியவர்களுக்கு அந்தப் பனியும் கொழுந்தும் இன்னும் மறக்கவில்லை. மூன்றாவது, பாடம். ஒரு ஊர் முழுவதும் சில வாரங்களின் வருமானத்தை நம்பி இருக்கும்போது என்ன நேருகின்றது என்பதை நுவரெலியா எமக்குக் காட்டுகின்றது. பருவத்தை நம்பி வாழும் கமக்காரர் எல்லோருக்கும் அது பொருந்தும்.

சுருக்கமாகச் சொன்னால், அந்த ஊரில் இரண்டு நாட்காட்டிகள் உள்ளன. ஒன்று வருவோர் போவோரின் நாட்காட்டி. மற்றது மழை, காற்று, பனி, விலங்கு, பறவை ஆகியவற்றின் நாட்காட்டி. முன்னையது பின்னையதன் மேல் நிற்கின்றது. பின்னையது குழம்பினால் முன்னையதும் நிலைக்காது.

"சீசன்" வந்த கதை

நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அதன் அருகே நிற்கும் பீதுருதாலகால மலை 2,524 மீற்றர் உயரமானது. இலங்கையில் இதனிலும் உயர்ந்த மலை கிடையாது. ஆங்கிலேயர் தாழ்நிலத்தின் வெப்பத்துக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சி இந்தக் குளிர்ச்சியான பள்ளத்தாக்கைத் தேடிச் சென்றார்கள். தேசாதிபதி எட்வேர்ட் பார்ன்ஸ் 1828இல் அங்கு தமக்கு ஒரு வாசஸ்தலம் கட்டினார். பின்னர் சாமுவேல் பேக்கர் என்பவர் 1848இல் இங்கிலாந்திலிருந்து ஆட்களையும் கால்நடைகளையும் கொண்டுவந்து அங்கு ஒரு விவசாயக் குடியேற்றத்தை ஆரம்பித்தார். அவர் பெயர்பெற்ற வேட்டைக்காரரும் ஆவார். வேட்டை நாய்களைக் கொண்டு மரைகளைத் துரத்துவது அக்காலத் துரைமாரின் பொழுதுபோக்கு. முன்னொரு காலத்தில் யானைகள் உலாவிய ஹோர்டன் சமவெளியில் இன்று ஒரு யானையும் இல்லை.

1861இல் ஹக்கலையில் சிங்கோனா மரத்துக்கென ஒரு தோட்டம் திறக்கப்பட்டது. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான கொய்னா அந்த மரத்தின் பட்டையிலிருந்து கிடைத்தது. இன்று பூக்கள் பார்ப்பதற்காகச் சனங்கள் செல்லும் ஹக்கலைத் தாவரவியல் பூங்கா அதுவே. தேசாதிபதி கிரெகரியின் காலத்தில் நீரோடையை மறித்து ஏரி அமைக்கப்பட்டது. கோப்பி நோயால் அழிந்த பின் தேயிலை மலைகளை மூடியது. 1885இல் புகையிரதம் நானுஓயா வரை வந்தது. 1889இல் கொல்ஃப் மைதானம் திறக்கப்பட்டது. ஏப்பிரல் மாத வெப்பத்துக்குத் தப்பி அதிகாரிகளும் துரைமாரும் குடும்பத்தோடு மலையேறிய வழக்கமே இன்று "ஏப்பிரல் சீசன்" என வழங்கப்படுகின்றது.

அந்த வீதிகளை வெட்டியவர்களும், தேயிலையை நட்டவர்களும், தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்த தொழிலாளரே. சீசனின் கதை சொல்லப்படும்போது அவர்களுடைய பெயர் பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றது.

தை முதல் பங்குனி வரை: பனியும் நல்ல கொழுந்தும்

வாடைக்காற்று மழை ஓய்ந்த பின் மலையில் தெளிந்த வானமும் கடுங்குளிரும் வரும். மேகமில்லாத இரவுகளில் நிலத்தின் சூடு முழுவதும் வானுக்குப் போய்விடுவதால் விடியற்காலையில் புல்லின் மீது வெள்ளை உறைபனி படியும். தாழ்வான பள்ளங்களிலே குளிர்ந்த காற்று தேங்குவதால் அங்கு சேதம் அதிகம். உருளைக்கிழங்கு, போஞ்சி போன்றவற்றின் இலைகள், வெயில் பட்டதும் தீயில் வாட்டியதுபோல் கருகிவிடும். எனவே மரக்கறிச் செய்கையாளர் சூரியன் எழுமுன்னரே பாத்திகளுக்கு நீர் தெளித்துப் பனியைக் கரைத்துவிடுகின்றனர்.

ஆனால் இதே குளிரும் வறண்ட காற்றும் தேயிலைக்கு வாசனையைக் கொடுக்கின்றன. கொழுந்து மெதுவாக, குறைவாகத் துளிர்க்கின்றது. ஆனால் தரம் உயர்கின்றது. நுவரெலியா, திம்புலைப் பகுதிகளில் ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலத்தைத் தேயிலை வியாபாரிகள் தரமான பருவம் என்பார்கள். ஊவாப் பக்கத்தில் அந்தப் பருவம் யூலை முதல் செப்டெம்பர் வரை வருகின்றது. ஒரே மலைத்தொடரின் இரு பக்கங்களிலும் காற்று மாறி வீசுவதே இதற்குக் காரணம்.

இம்மாதங்களில் மலைக்கு வேறொரு வகை விருந்தாளிகளும் உண்டு. காஷ்மீரத்து மலைக்காடுகளில் கூடு கட்டும் சிறிய ஈப்பிடிப்பான் குருவி குளிர்காலத்தைக் கழிக்க இலங்கையின் மலைநாட்டுக்கு வருகின்றது. நகரின் நடுவிலுள்ள விக்டோரியாப் பூங்காவின் மரங்களிலும் நீரோடையோரங்களிலும் அதைக் காணலாம். உங்கள் வளவுகளுக்கும் மழைகாலத்தில் வந்து போகும் ஆறுமணிக் குருவியும் அங்கு தங்குகின்றது. அக்குருவியைக் காண்பதற்கென்றே வெளிநாட்டார் பலர் அந்தச் சிறிய பூங்காவுக்கு வருகின்றனர்.

சித்திரை: சனங்கள் வரும் மாதம்

ஏப்பிரலில் இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலம். காலையில் வெயில், பின்னேரத்தில் இடிமழை. பூங்காக்களில் ரோசாவும் ஏனைய குளிர்தேசப் பூக்களும் நிறைந்திருக்கும். குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, மலைப்பாதையில் மோட்டார் வாகன ஓட்டப் போட்டி, ஏரியில் படகோட்டம், குதிரைக் குட்டியில் பிள்ளைகளை ஏற்றிச் செல்லுதல் என்று ஊர் முழுவதும் கோலாகலம். அறை வாடகை பல மடங்கு ஏறும். கம்பளிச் சட்டை விற்போர், ஸ்ட்ரோபெரிப் பழம் விற்போர், வாடகை வான் சாரதிகள், தேநீர்க் கடைக்காரர் ஆகியோர் ஆண்டின் பெரும்பகுதி வருமானத்தை இச்சில வாரங்களில் உழைத்துக்கொள்ள முயல்கின்றனர்.

இதே வேளையில் மலையுச்சிக் காடுகளில் சிங்கள மக்கள் "மகா ரத் மல்" என அழைக்கும் பெரிய சிவப்புப் பூ மரங்கள் பூக்கின்றன. பனிக்காலப் பறவைகளோ வடக்கே புறப்பட்டுவிடும். மனிதர் வரும் மாதத்தில் பறவைகள் போய்விடுகின்றன. சீசனில் மட்டும் மலையைப் பார்த்தவர் அதன் ஒரு பக்கத்தை மட்டுமே பார்த்தவராவார்.

வைகாசி முதல் புரட்டாதி வரை: சோழகமும் மூடுபனியும்

தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியதும் உல்லாசப் பயணிகள் குறைந்து விடுவர். நாட்கணக்கில் வெயிலே காணாத மூடுபனியும், உடலைத் துளைக்கும் காற்றும் மலையைப் பிடித்துக்கொள்ளும். தோட்டத்துப் பெண்கள் கொழுந்துக் கூடையோடு அட்டைக்கடியையும் மழையையும் தாங்கி மலையேறுவது இக்காலத்திலும் நின்றுவிடுவதில்லை. சித்திரை மழையோடு துளிர்விட்ட தேயிலை இக்காலத்தின் முற்பகுதியில் கொழுந்தை நிறையத் தரும்.

மலையின் வேலை உண்மையில் நடப்பது இந்த மாதங்களிலேதான். உச்சிக் காட்டு மரங்கள் குட்டையாகவும் முறுக்கேறியும் நிற்கின்றன. அவற்றின் கிளைகளெங்கும் பாசி படர்ந்திருக்கும். காற்றோடு வரும் மூடுபனி அந்தப் பாசியிலும் இலைகளிலும் பட்டு நீராகச் சொட்டுகின்றது. மழையே பெய்யாத நாளிலும் மரத்தின் கீழ் நிலம் நனைந்திருக்கும். இத்தகைய காட்டை மேகக்காடு என்பார்கள். அதன் கீழுள்ள கரிய மண்ணும் புல்வெளிச் சதுப்பும் அந்த நீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து, வறண்ட மாதங்களில் சிறிது சிறிதாக ஓடைகளுக்கு விடுகின்றன. எமது ஊர்களில் குளம் செய்கின்ற வேலையை அங்கு காடு செய்கின்றது. குளத்துக்குக் கட்டு எப்படியோ மலைக்குக் காடு அப்படி.

இக்காடுகளில் நெலு என்னும் செடி உண்டு. தமிழிலக்கியம் குறிஞ்சி எனப் போற்றும் செடியின் இனத்தைச் சேர்ந்தது. அதன் சில வகைகள் ஏறத்தாழ 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றாகப் பூத்து, விதை விட்டு, மடிகின்றன. 2013இல் ஹோர்டன் சமவெளியில் அவை பெருமளவில் பூத்தன. அப்போது தேனீக்கள் திரளும். விதை உதிரும்போது காட்டுக்கோழிகள் கூடும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் பருவத்தை எந்த விடுதியின் நாட்காட்டியும் குறித்து வைப்பதில்லை.

ஐப்பசி முதல் மார்கழி வரை: மண் இளகும் காலம்

ஒக்டோபர் மாதத்தில் மீண்டும் இடிமழை. அதனைத் தொடர்ந்து வடகிழக்குப் பருவமழை. வடக்கு, கிழக்கில் நாம் காலபோகத்துக்கு நெல் விதைத்து வானத்தைப் பார்த்திருக்கும் அதே நாட்களில் மலையில் மக்கள் மண்ணைப் பார்த்திருக்கின்றனர். காடு நீக்கப்பட்ட சரிவு நனைந்து கனத்தால் சரியத் தொடங்கும். பதுளை மாவட்டத்தின் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலையில் மலை சரிந்து லயன் வீடுகளைப் புதைத்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின் மழையால் நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் பல இடங்களில் மண்சரிவு ஏற்பட்டு உயிர்களும் வீடுகளும் பறிபோயின. இடம்பெயர்தல் யுத்தத்தால் மட்டும் வருவதன்று என்பதை மலையக மக்கள் இவ்வாறு அறிந்துகொண்டனர்.

சுவரில் புதிய வெடிப்பு, வழக்கமான ஊற்று திடீரென வற்றுதல் அல்லது புதிய இடத்தில் சேற்று நீர் கசிதல், மரங்களும் கம்பங்களும் சாய்தல் ஆகியவை சரிவின் முன்னறிகுறிகள். மலைப்பகுதியில் உறவினர் உள்ளவர்கள் இதை அவர்களோடு பகிர்ந்துகொள்ளலாம்.

ஹோர்டன் சமவெளியும் மரைகளும்

நுவரெலியாவுக்குச் செல்வோரில் பலர் ஹோர்டன் சமவெளிக்கும் போகின்றனர். 2,100 மீற்றருக்கு மேல், ஏறத்தாழ 3,160 ஹெக்டயர் பரப்பில் உள்ள இந்தப் புல்வெளியும் காடும் 1988இல் தேசிய பூங்காவாக்கப்பட்டன. 2010இல் இலங்கையின் மத்திய மலைநாடு உலக மரபுரிமையாக ஏற்கப்பட்டபோது இதுவும் அதில் அடங்கியது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று பெரிய ஆறுகளுக்கும் இங்கிருந்து நீர் செல்கின்றது. "உலக முடிவு" என்னும் செங்குத்துப் பள்ளத்தைக் காண்பதற்கு விடியற்காலையிலேயே போக வேண்டும். வெயில் ஏற ஏற மூடுபனி வந்து அதை மறைத்துவிடும்.

இங்கு மரைகள் கூட்டமாக மேய்கின்றன. தடித்த உரோமமுடைய மலைநாட்டு மந்தி, கரடிபோல் தோன்றுவதால் கரடிக் குரங்கு எனப்படுவது, காட்டோரத்தில் குரல் கொடுக்கும். மூக்கின் நுனியில் கொம்புள்ள ஓணான், காதோரம் மஞ்சள் இறகுள்ள கொண்டைக்குருவி என்பன இம்மலைகளுக்கே உரியவை. இங்குள்ள ஒருவகைத் தேவாங்கு அழிந்துவிட்டதோ என ஐயுறப்பட்டிருந்தது. 2010இல் அதன் ஒளிப்படம் முதன்முறையாக வெளியானது.

மனிதர் கை வைத்ததன் தழும்புகளும் இங்கு உண்டு. 1960களில் சமவெளியின் ஒரு பகுதி உழப்பட்டு விதை உருளைக்கிழங்கு பயிரிடப்பட்டது. பின்னர் அது கைவிடப்பட்டது. உழுத இடத்தில் பழைய புல் மீளவில்லை. வேற்றுநாட்டுப் புல் பரவியது. துரைமார் தூண்டிலுக்காக ஓடைகளில் விட்ட ட்ரௌட் மீன் அங்குள்ள சிற்றுயிர்களை உண்டது. அழகுக்குக் கொண்டுவந்த மஞ்சட்பூ முட்செடி இன்று வேரோடு பிடுங்கப்பட வேண்டிய களையாகிவிட்டது. 1970கள் முதல் காட்டு மரங்கள் நின்றநிலையிலேயே காய்ந்து வருகின்றன. அதற்கான காரணம் பற்றி ஆய்வாளர் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை.

வாகனத் தரிப்பிடத்தில் நிற்கும் மரைக்குப் பாணும் பிஸ்கட்டும் கொடுப்பது சிலருக்கு விளையாட்டு. உணவின் மணம் பட்ட பொலித்தீனையும் அவை தின்றுவிடுகின்றன. அது வயிற்றில் சுருண்டு அடைக்க, மரை இரையெடுக்க முடியாமல் மடிகின்றது. அதனாலேயே பூங்கா வாயிலில் பொதிகளைச் சோதித்து, போத்தல்களின் மேலுறையைக்கூட நீக்கிவிட்டு உள்ளே விடுகின்றனர். எங்கள் ஊர்ச் சந்தையோரத்தில் மாடுகள் சாவதும் இதே பொலித்தீனால்தான். அதற்கு மட்டும் வாயிற்காவலர் எவரும் இல்லை.

சிறுத்தையும் சுருக்கும்

காடும் தேயிலையும் சந்திக்கும் இடங்களில் சிறுத்தை வாழ்கின்றது. அது பெரும்பாலும் ஆட்களுக்கு விலகியே நடக்கும். அதைக் கொல்வது துவக்கைவிடக் கம்பிச் சுருக்கே. காட்டுப்பன்றி மரக்கறிப் பாத்தியைக் கிண்டி அழிக்கின்றது. அதற்கு வைத்த சுருக்கில் சிறுத்தை அகப்படுகின்றது. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில் அரிதான கருஞ்சிறுத்தை ஒன்று இவ்வாறு அகப்பட்டுச் சில நாட்களில் இறந்தது.

சுருக்கு வைத்தவரை மட்டும் குறைகூறுவது இலகு. இரவு முழுவதும் காவலிருந்தும் ஒரே இரவில் கிழங்குப் பாத்தியை இழந்தவரின் நிலையை வன்னியில் பயிர் செய்யும் நீங்கள் நன்கறிவீர்கள். ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். சிறுத்தை காட்டுப்பன்றிக் குட்டிகளையும் இரையாக்குகின்றது. சிறுத்தை ஒழிந்தால் பன்றியின் தொல்லை குறையப் போவதில்லை. கூட்டாகக் காவல் முறை வைத்தல், பல காணிகளைச் சேர்த்து ஒரே வேலி அடைத்தல், வீட்டுக் கழிவை வெளியே கொட்டாதிருத்தல் ஆகியவை செலவு குறைந்தவை. தனியொருவரால் இவை முடியாது. ஊர் சேர்ந்தால் முடியும்.

ஒரு பருவத்தை மட்டும் நம்பினால்

2019 உயிர்த்த ஞாயிறன்று குண்டுகள் வெடித்தபின் உல்லாசப் பயணிகள் நாட்டுக்கு வருவது பெரிதும் குறைந்தது. 2020 ஏப்பிரலில் கொரோனா ஊரடங்கினால் சீசனே நடைபெறவில்லை. 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டபோது மலைநாட்டு மரக்கறியும் தேயிலையும் பாதிக்கப்பட்டன. 2022இல் எரிபொருள் இல்லாமல் வாகனங்கள் வரிசையில் நின்றன. தொடர்ச்சியாக நான்கு ஆண்டுகள். அறைகளை மட்டும் நம்பிக் கடன்பட்டு மாடி கட்டியவர்களும், குதிரை ஒன்றையே சொத்தாக வைத்திருந்தவர்களும் மிகவும் நொந்துபோனார்கள். வீட்டருகே சிறு மரக்கறிப் பாத்தியும் ஒரு பசுவும் வைத்திருந்தோர் அடுப்பையாவது எரிய வைத்துக்கொண்டனர்.

இன்று எமது பகுதிகளிலும் கடற்கரையோரம், களப்போரம், பறவைகள் கூடும் இடங்களில் உல்லாச விடுதிகள் பற்றிய பேச்சு எழுகின்றது. மன்னார் வங்காலைக்கு ஒக்டோபர் முதல் பங்குனி வரை பூநாரைகளும் தாராக்களும் வருவதை அறிவீர்கள். இத்தகைய தொழில் வருவதை வேண்டாம் என்று கூறத் தேவையில்லை. ஆனால் நுவரெலியாவைப் பார்த்து மூன்று விடயங்களை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளலாம். காணி கைமாறக்கூடாது, விற்றவர் பின்னர் தம் காணியிலேயே கூலியாளாகின்றார். நீரேந்தும் இடத்தையும் மேய்ச்சல் தரவையையும் எவருக்கும் விடக்கூடாது. விருந்தாளியின் வருமானம் மேலதிக வருமானமாகவே இருக்கட்டும். சோறு வயலிலிருந்தே வரட்டும்.

கிராமக் குழுக்களில் கலந்துரையாட

1. உங்கள் ஊரின் பன்னிரண்டு மாதங்களையும் ஒரு பெரிய தாளில் வரையுங்கள். மழை, காற்று, விதைப்பு, அறுவடை, மீன், பறவை, காட்டு விலங்கு, கூலிவேலை ஆகியவற்றைக் குறியுங்கள். இடம்பெயருமுன் இருந்ததற்கும் இன்றைக்கும் என்ன வேறுபாடு? முதியவர்களிடம் கேட்டு நிரப்புங்கள்.

2. கையில் காசில்லாத மாதங்கள் எவை? அம்மாதங்களுக்கு உதவும் சிறு பயிர் அல்லது வளர்ப்பு எது?

3. உங்கள் கிணற்றுக்கும் குளத்துக்கும் நீர் தரும் காடு எங்கே உள்ளது? அதை இப்போது யார் வெட்டுகின்றார்கள், யார் காக்கின்றார்கள்?

4. காட்டுப்பன்றி, யானை, குரங்குத் தொல்லைக்கு ஊர் சேர்ந்து செய்யக்கூடிய ஒரு வேலையைத் தெரிவுசெய்யுங்கள். அடுத்த விதைப்புக்கு முன் யார், எப்போது செய்வது எனப் பெயரும் திகதியும் எழுதுங்கள்.

இந்தத் தாளைச் சுருட்டி வைத்துவிடாமல் வாசிகசாலைச் சுவரில் ஒட்டுங்கள். ஒவ்வொரு மாத முடிவிலும் ஒரு சிறு பிள்ளையைக் கொண்டு அம்மாதம் கண்டதை அதில் எழுதுவியுங்கள். மூன்று நான்கு ஆண்டுகளில் உங்கள் ஊருக்கென ஒரு நாட்காட்டி கிடைத்துவிடும்.